செவிக்காப்பு

கோமதியின் காதில் அன்றைய முதல் பள்ளம் காலை ஏழே காலுக்கு விழுந்தது. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில், இட்லித் தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அறைத்தோழி ரிஸ்வானா வாயைத் திறந்தாள்.

"இன்னிக்கு நீ..." என்றாள். பிறகு உதடு மட்டும் அசைந்தது, சத்தம் இல்லை. ஒன்றரை வினாடி. அப்புறம், "...சட்னி போட்டுக்கறியா?" என்று குரல் திரும்பி வந்தது.

"என்ன சொன்ன?"

"சட்னி வேணுமான்னு."

"அதுக்கு முன்னாடி."

ரிஸ்வானா யோசித்துப் பார்த்தாள். "ஞாபகம் இல்லடி. ஏதோ வாய்க்கு வந்தத சொன்னேன். பள்ளமா?"

பிட்ட இட்லி கோமதியின் கையிலேயே இருந்தது. 'இன்றைக்கு நீ' என்று தொடங்கிய வாக்கியம் எப்படி முடிந்திருக்கும்? குண்டாகத் தெரிகிறாய் என்றா, முகம் கறுத்திருக்கிறது என்றா? ஒன்றரை வினாடியில் என்னென்ன சொல்ல முடியும் என்று அவள் மனம் கடகடவென்று பட்டியல் போட்டது. இரண்டாவது இட்லி தட்டிலேயே கிடந்தது.

பள்ளம் என்பது அந்தப் பெண்கள் விடுதியின் சொந்தச் சொல். அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் செவிக்காப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொத்தமல்லி விதை அளவில் இரண்டு கருவிகள், காதுக்கு ஒன்று. வெளியிலிருந்து வரும் பேச்சை அரை வினாடி தன்னிடம் நிறுத்திவைத்து, போட்டிருப்பவளின் உடம்பைப் பற்றிய சொற்களை மட்டும் நீக்கிவிட்டு மீதியை உள்ளே அனுப்பும்; நீக்கிய இடத்தில் விழும் நிசப்தம்தான் பள்ளம். குண்டு, ஒல்லி, கறுப்பு, சிவப்பு, பரு, முடி எல்லாம் போய்விடும். பாராட்டும் போய்விடும். பாராட்டும் ஒரு வகையில் எடை போடுவதுதான் என்பது அதை உருவாக்கிய ஆக்னஸ் மேடத்தின் கட்சி.

ஆக்னஸ் மேடம் கோமதி படிக்கும் பல்கலைக்கழகத்தில் கணினி மொழியியல் பேராசிரியை. நான்கு வருடங்களுக்கு முன்னால் அவருடைய மாணவி ஒருத்தி சாப்பிடாமல் சாப்பிடாமல் ஒரு நாள் மாடிப்படியில் விழுந்தாள், பிழைக்கவில்லை. அவள் பெட்டியில் ஒரு நோட்டு இருந்தது. அவள் உடம்பைப் பற்றி யார் யார் என்ன சொன்னார்கள் என்று தேதி போட்டு எழுதியிருந்தாள். அதைப் படித்த பிறகுதான் மேடம் இந்த வேலையில் இறங்கினார். அவர் எண்ணத்தில் துளிக் குறை கிடையாது. அதை யாரும் மறுக்க முடியாது.

குறை வேறிடத்தில் இருந்தது. காது கேட்காத இடத்தை மனசு சும்மா விடுமா? ஆராய்ச்சிக்காக, நீக்கிய பேச்சை முன்பின் வாக்கியங்களோடு மேடத்தின் கணினிக் கோப்பில் சேர்த்துவைக்கும் கருவி, எத்தனை தடவை சொல் நீக்கப்பட்டது என்று ஒவ்வொரு நாளும் கைப்பேசியில் ஓர் எண் காட்டும். அவ்வளவுதான், பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். "எனக்கு இன்னிக்கு நாலு பள்ளம்." "எனக்குப் பதினொண்ணு, அத்தை வந்திருந்தாங்க." மூன்றாவது மாடியில் ஒருத்திக்கு ஒரு வாரமாகப் பூஜ்யம். என்னை ஒருத்தரும் ஏறெடுத்துக்கூடப் பார்ப்பதில்லை என்று அவள் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள்.

கோமதி புள்ளியியல் மூன்றாம் ஆண்டு. எண்ணைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. எந்த ஆள், எத்தனை பள்ளம், ஒவ்வொன்றும் எத்தனை வினாடி என்று ஒரு வரைபடமே வைத்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் அவளைச் சுற்றி இருந்தவர்களெல்லாம் அதில் கீழே கிடந்தார்கள். உச்சியில் இருந்தது அவள் அம்மா.

அம்மா பெயர் உலகம்மாள். சங்கரன்கோவிலில் தையல் கடை. அப்பா கோமதிக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டார், ஆகவே வீட்டில் அம்மா ஒருத்திதான். இரண்டு வருடங்களுக்கு முன் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போனபோது, பந்தியில் இலைக்கு முன்னால் வைத்துச் சித்தி சொன்னாள்: "கோமு இப்ப நல்லா பூசினாப்ல ஆயிட்டா." பிரியமாகத்தான் சொன்னாள். சுற்றியிருந்த எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்துப் பிரியமாகவே ஆமாம் போட்டார்கள். கோமதி இலையைப் பாதியில் மடித்துவிட்டு எழுந்தாள். அன்றிலிருந்து அவள் கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பதில்லை, மேற்கையைத்தான் பார்க்கிறாள்.

போன ஜூனில் காப்பை மாட்டிக்கொண்டாள். அதன் பிறகு ஊருக்கே போகவில்லை. தீபாவளிக்குப் பரீட்சை என்றாள், பொங்கலுக்கு ஆய்வு வேலை என்றாள். படத்தோடு பேசும் அழைப்பையும் நிறுத்திவிட்டாள், மூலையில் சின்னச் சதுரத்தில் தன் முகம் தெரிவது பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தடவை குரல் மட்டும். காப்பைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆகஸ்டில் அம்மாவின் பேச்சில் வாரத்துக்கு இரண்டு பள்ளம் விழுந்தது. அக்டோபரில் ஐந்து. நவம்பரில் ஒன்பது.

"ஏட்டி கோமு, சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

"இங்க நல்ல மழை. கடையில வேலையும் கொஞ்சந்தான்." பள்ளம். "என்ன செய்யதுன்னே தெரியல." மறுபடி பள்ளம், நான்கு வினாடி. "பக்கத்து வீட்டுக்காரியும் அதையேதான் கேக்கா. யோசிச்சு யோசிச்சு ஒறக்கமே வரமாட்டேங்கு."

அப்படியானால் என் உடம்பை நினைத்து அம்மாவுக்கு உறக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியோடு உட்கார்ந்து இதைத்தான் பேசுகிறாள். ஊரே பேசுகிறது. கோமதி ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நவம்பர் கடைசி ஞாயிறு அவளுக்குப் பொறுமை விட்டது.

"அத விடும்மா. எப்பப் பாத்தாலும் அதே பேச்சு. எனக்குக் கேக்கவே பிடிக்கல."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அது பள்ளமில்லை, உண்மையாகவே அம்மா பேசவில்லை. பிறகு, "சரிட்டி. பரீட்ச நேரம். பேசல," என்றாள்.

அதற்கப்புறம் பள்ளம் நின்றுவிட்டது. மழை, கரண்டு, சாப்ட்டியா, வைக்கட்டுமா. கோமதியின் வரைபடத்தில் அம்மாவின் கோடு செங்குத்தாக இறங்கியது. ஒருவழியாக ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள்.

ஜனவரி கடைசியில் ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் அம்மாவின் ஜாக்கெட்டுகள், ஆறு. அம்மாவே ஃபோன் செய்தாள்.

"வந்துட்டா?" பள்ளம். "சும்மாதான் கெடக்கு, நீ போட்டுக்கோ. அதுல மெரூன் கலர் ஒண்ணு இருக்கு பாரு." பள்ளம். "அத மறக்காம உடுத்துட்டி."

கோமதி ஜாக்கெட்டுகளைச் சுருட்டி அலமாரியின் அடித்தட்டில் திணித்தாள். ரிஸ்வானா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி இப்படி அமுக்கற? நல்லா தச்ச துணி."

"எங்கம்மா அளவு முப்பத்தெட்டு. அவ போட்ட ஜாக்கெட்ட எனக்கு அனுப்பிருக்கான்னா என்ன அர்த்தம்? நீயும் என் அளவுக்கு வந்துட்டன்னு அர்த்தம். தையக்காரி, வாயால சொன்னா நான் கத்துவேன்னு துணியால சொல்லுதா."

"கேட்டுப் பாக்க வேண்டியதுதானே?"

"கேட்டா பள்ளந்தான் விழும்."

ரிஸ்வானா அலமாரிக் கதவைச் சாத்தினாள். இந்த நாட்களில் கோமதியோடு பேசுவதென்றால் வார்த்தையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரியில் துறை ஆண்டு விழா. எல்லோரும் சேலை. கோமதியின் ஒரே பட்டு ஜாக்கெட் கையில் இறுக்கியது, அதைக் கழற்றி எறிந்துவிட்டு வரமாட்டேன் என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ரிஸ்வானா கேட்காமலேயே அடித்தட்டைக் குடைந்து மெரூன் ஜாக்கெட்டை எடுத்து மடியில் போட்டாள். வேறு வழியில்லாமல் கோமதி மாட்டினாள்.

பொருந்தியது. தோளில், இடுப்பில், கையில், எங்கேயும் பிடிக்கவும் இல்லை, தொங்கவும் இல்லை. அவளுக்கு அழுகை முட்டியது. முப்பத்தெட்டுக்கு வந்தேவிட்டேனா?

ஆனால் அவளும் தையல்காரி மகள். அளவெடுக்கும் இஞ்சி டேப்போடு விளையாடி வளர்ந்தவள். தன் சுற்றளவு முப்பத்தாறு என்பது அவளுக்குப் பரீட்சை எண் போல மனப்பாடம், போன வாரமும் அளந்திருக்கிறாள். முப்பத்தெட்டு ஜாக்கெட் அவளுக்குத் தொளதொளவென்று நிற்க வேண்டும். நிற்கவில்லையே.

கழற்றினாள். உட்புறத்தைத் திருப்பிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத் தையலுக்கு வெளியே பழைய தையலின் தடம் இருந்தது, சாயம் போகாத கோடாக. அது முப்பத்தெட்டு. அம்மாவின் அசல் அளவு. இப்போது நிற்கும் தையல் புது நூல், முப்பத்தாறு. மகளுக்காகப் பிடித்துத் தைத்திருக்கிறாள், சரி. ஆனால் அதற்கும் உள்ளே, துணியில் இன்னும் இரண்டு வரிசை ஊசித் துளைகள் இருந்தன. முப்பத்து நாலு. முப்பத்திரண்டு. தைத்து, பிறகு பிரித்த துளைகள். முப்பத்திரண்டாம் வரிசை நெடுக வேர்வைக் கறை படிந்திருந்தது. யாரோ அந்த அளவில் அதை உடுத்தியிருக்கிறார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை.

அந்த வீட்டில் இருப்பது ஒரே ஆள்.

கோமதி அலமாரியிலிருந்து மற்ற ஐந்தையும் இழுத்துப் போட்டுத் திருப்பினாள். ஒவ்வொன்றிலும் அதே துளைகள்.

"என்னடி ஆச்சு?" என்றாள் ரிஸ்வானா.

கோமதி காதிலிருந்து காப்பைப் பிடுங்கி மேசைமேல் போட்டாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. மின்விசிறிச் சத்தம் திடுமென்று பெரிதாகக் கேட்டது. அம்மாவுக்கு ஃபோன் போட்டாள்.

"ஏம்மா, உனக்கு ஒடம்புக்கு என்ன?"

"எனக்கு என்ன? ஒண்ணுமில்லட்டி. நல்லாத்தான் இருக்கேன்."

"ஜாக்கெட்டயெல்லாம் எதுக்குப் பிடிச்சு தச்ச?"

அம்மா தயங்கினாள். "அது கெடக்கு. உனக்கு அந்தப் பேச்சு பிடிக்காதுல்லா. நீ விழாவுக்குப் போ. சாப்ட்டியா?"

காதில் எந்தத் தடுப்பும் இல்லாதபோது, அம்மாவுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் முன்பே சொல்லி முடித்துவிட்டாள். அது இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான், மேடத்தின் கோப்பு.

ஆக்னஸ் மேடத்தின் அறை மொழியியல் துறை முதல் மாடியில். கோமதி பாவாடையும் ரிஸ்வானாவின் சட்டையுமாக, கையில் மெரூன் ஜாக்கெட்டோடு உள்ளே போனாள்.

"மேடம், எனக்கு விடுபட்ட பேச்சு வேணும். இப்பவே."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "செமஸ்டர் முடியட்டும்மா. ஆலோசகர் பக்கத்துல இருக்கறப்பதான் கொடுப்போம். முதல் பேட்ச் பொண்ணுங்க எல்லாத்தையும் ஒரே மூச்சுல கேட்டுட்டு என்ன பாடு பட்டாங்கன்னு உனக்குத் தெரியாது."

"என்னப் பத்தி மத்தவங்க பேசினது எனக்கு வேண்டாம். எங்கம்மா பேசினது மட்டும் போதும்." ஜாக்கெட்டைத் திருப்பி மேசையில் விரித்தாள். மேடத்துக்குத் துணி தெரிந்தது, துளை தெரியவில்லை. கோமதி அவர் விரலைப் பிடித்து வரிசை வரிசையாக வைத்துக் காட்டினாள். "இது முப்பத்தெட்டு. இது முப்பத்து நாலு. இது முப்பத்திரண்டு. எட்டு மாசத்துல இவ்வளவு இறங்கியிருக்கா. இத என்கிட்டச் சொல்லாம இருந்திருப்பாளா மேடம்? சொல்லியிருக்கா. உங்க காப்பு விடல."

"உங்கம்மா தன்னப் பத்திச் சொன்னா காப்பு ஏன் வெட்டணும்? கேக்கறவங்க உடம்பப் பத்தின பேச்ச மட்டுந்தான்..." மேடம் பாதியில் நிறுத்தினார். அவர் முகம் மாறியது.

"உங்கம்மா எப்படிப் பேசுவாங்க? 'நான்'னு சொல்வாங்களா?"

"யாரு சொல்லுவா மேடம்? இளைச்சுப்போச்சும்பா. எடை குறைஞ்சு போச்சும்பா."

மேடம் மெதுவாகத் தலையை ஆட்டினார். "நம்ம பேச்சுல அதுதான். யாருக்குன்னே சொல்ல மாட்டோம், எதிர்ல இருக்கறவங்களுக்குப் புரியும். இதுக்குப் புரியாது. யாரப் பத்தின்னு சந்தேகம் வந்தா முழு வாக்கியத்தையும் வெட்டிடுன்னு நான்தான் எழுதினேன். தப்பித் தவறி ஒரு வார்த்தைகூட உங்கள குத்திடக் கூடாதுன்னு."

அதற்குமேல் அவர் விதியைப் பற்றிப் பேசவில்லை. கோப்பைத் திறந்து, அம்மா பேசியதை மட்டும் பிரித்து, ஒரு சாதாரண ஹெட்ஃபோனைக் கொடுத்தார்.

எண்பத்தொரு துண்டு. கோமதி நின்றுகொண்டே கேட்டாள்.

'ரொம்பத்தான் இளைச்சுப்போச்சு.' 'கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சுன்னு எல்லாருங் கேக்காவ.' 'எடை பாத்தேன், அம்பத்தொண்ணு.' 'வயிறு மட்டும் உப்பிக்கிட்டு வருது.' 'எடை நாப்பத்தேழு ஆயிட்டு.' 'சோறு ரெண்டு வாய்க்கு மேல எறங்க மாட்டேங்கு, எலும்பெடுத்துப் போச்சு.'

நவம்பர் கடைசி ஞாயிறுத் துண்டில் அம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது. 'இப்படி எடை குறையதும் வயிறு வீங்குததும் நல்லதுக்கில்ல, திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குப் போகணுங்காரு டாக்டரு, தனியாப் போகப் பயமா இருக்கு கோமு.' அதையடுத்து, நீக்கப்படாமல் கோப்பில் தொடர்ந்திருந்தது இவளுடைய குரல், தெளிவாக, எரிச்சலாக: 'அத விடும்மா. எப்பப் பாத்தாலும் அதே பேச்சு. எனக்குக் கேக்கவே பிடிக்கல.'

'சரிட்டி. பரீட்ச நேரம். பேசல.'

கோமதி அந்தத் துண்டை இன்னொரு தடவை கேட்டாள். எண்பத்தொன்றில் அவளைப் பற்றியது என்று கடைசியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஜாக்கெட் பார்சல் வந்த அன்றைக்கு அம்மா சொன்னது: 'உன் நெறத்துக்கு அந்த மெரூன் எடுப்பா இருக்கும்.'

ஹெட்ஃபோனைக் கழற்றியபோது ஆக்னஸ் மேடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "நானூத்தி முப்பது பொண்ணுங்க இத மாட்டியிருக்காங்க," என்றார். கோமதியிடம் சொன்னது போல் இல்லை. "நானூத்தி முப்பது வீடு." பிறகு எழுந்து கணினிக்குப் போனார். "நீ கெளம்பும்மா. நான் ஒவ்வொரு கோப்பா திறக்கணும்."

பேருந்து மாறி, மாறி, சங்கரன்கோவிலில் இறங்கும்போது மணி ஐந்தரை. கோவில் கோபுரத்துக்குப் பின்னால் வெயில் இன்னும் இருந்தது. வழியில் எதிரே வந்த சித்தி அவளைப் பார்த்து எதையோ சொன்னாள். கோமதி, "அப்புறமா வாரேன் சித்தி," என்று நடந்தாள். சித்தி சொன்னது முழுசாகக் காதில் விழுந்தது. தெரு முனை திரும்புவதற்குள் அது மறந்தும் போயிற்று.

தையல் மெஷினுக்குப் பின்னால் அம்மா இருந்தாள். கோமதி ஒரு கணம் கடை மாறி வந்துவிட்டோமோ என்றுதான் நினைத்தாள். கழுத்தெலும்பு இரண்டும் புடைத்திருந்தன. இஞ்சி டேப் தோளில் இரண்டு பக்கமும் சரிந்து கிடந்தது.

அம்மா நிமிர்ந்தாள். மகள் என்றதும் முகம் மலர்ந்தது. கண் அவளை உச்சியிலிருந்து பாதம்வரை ஒரு தடவை அளந்தது, அது தொழில் பழக்கம். வாய் திறந்தது. பிறகு, ஏதோ நினைவு வந்தவளாக, மூடிக்கொண்டது. கோமதியின் காதில் காப்பு இல்லை. இருந்தும் அங்கே ஒரு பள்ளம் விழுந்தது.

"சொல்லும்மா," என்றாள்.

"என்னத்தச் சொல்ல? திடுதிப்புன்னு வந்து நிக்க. சாப்ட்டியா?"

கோமதி பையை இறக்கிவைத்தாள். கிட்டே போய் அம்மாவின் தோளிலிருந்து டேப்பை உருவினாள். "எந்திரி."

"எதுக்குட்டி?"

"எந்திரி, கையத் தூக்கு."

அம்மா எழுந்தாள். மெஷினைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. கோமதி டேப்பைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கைக்கு அடியில் விலா ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. கண்ணில் நீர் நிறைந்து எண் கலங்கித் தெரிந்தது, இருந்தாலும் சத்தமாகவே படித்தாள்.

"முப்பத்தொண்ணு."

அம்மா குனிந்து டேப்பைப் பார்த்தாள்.

"டேப்ப இப்படியா தொங்கவிட்டுப் பிடிப்ப?" என்றாள். "முப்பதர. போன வாரந்தான் முப்பத்தொண்ணு."

"அப்புறம்?"

அம்மா தூக்கிய கையை மகளின் தோள்மேல் இறக்கி வைத்தாள். "அப்புறம், வயிறு," என்று தொடங்கினாள்.